இறங்கும்போது தெரிகிற வயது

விடியற்காலை நான்கு மணி. வேங்கிக்காலில், வேலூர் சாலையோரத்து டீக்கடையில் பாய்லர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. பெஞ்சின் மேல் நான்கு முதுகுப்பைகள். பக்கத்தில் நான்கு பேர், கையில் டீ டம்ளரோடு. "எல்லாத்தையும் இன்னொரு தடவை பார்த்துடலாம்டா" என்று சொல்லிக்கொண்டே தமிழாசிரியர் பைகளைத் திறந்தார்.

மேலே இருந்தவை மலையேறுகிற யார் பையிலும் இருப்பவைதான். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எலுமிச்சம்பழம், கடலை மிட்டாய், வாழையிலையில் கட்டிய புளிசோறு, டார்ச். அடியில் கைவிட்டால் கதை வேறு. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, முழங்காலுக்கு மாட்டும் உறை, வலித் தைலம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒவ்வொருவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை. ஆசிரியர் பையில் மட்டும் இரண்டாவதாக ஒரு மூக்குக்கண்ணாடி. அது எதற்கு என்று மற்ற மூவரும் கேட்டார்கள். "இறங்கும்போது சொல்றேன்" என்றார்.

அன்று அவர்கள் புறப்பட்டது பர்வதமலைக்கு. 1985இல் இதே நால்வர் இதே மலைக்குப் போனார்கள். அப்போது நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு துணிப்பை. அதில் சோறும் ஒரு பேட்டரி லைட்டும் இருந்தன. பௌர்ணமி இரவில் ஏறி, விடிந்ததும் ஓடியே இறங்கி, காலைப் பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பியிருந்தார்கள். அப்போது வயது இருபத்திரண்டு. இந்தப் பயணம் 2025 தை மாதம்.

நால்வரில் ஒருவர் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். 1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த கிராமத்தைச் சுற்றி அரசு ஊழியர்களின் மனைகளும் வீடுகளும் முளைத்தன. சர்வேயரும் அப்படி வந்து குடியேறியவர். இன்னொருவர் தமிழாசிரியர். மூன்றாமவர் மின்வாரிய லைன்மேன். நான்காமவர் மளிகைக் கடைக்காரர். அவருக்கு மட்டும் ஓய்வு என்று ஒரு தேதி கிடையாது.

ஓய்வுத் தேதியைப் பற்றிச் சர்வேயர் சொல்வதைக் கேட்க வேண்டும். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். 2021இல் 60 ஆனது. 1963 ஜூனில் பிறந்த அவர் 2021இல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 2023 ஜூன் வரை வேலை பார்த்தார். அவர் பிறந்தது சோபகிருது வருஷத்தில். தமிழ் வருஷங்கள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து, 2023 சித்திரையில் மறுபடி சோபகிருது பிறந்தது. அந்த ஆனியில்தான் பிள்ளைகள் கூடிச் சஷ்டியப்தபூர்த்தி செய்துவைத்தார்கள். அதே மாதம் அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மாலை. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கே போவதென்று தெரியாமல் வீட்டு வாசலில் நின்றதை இன்றும் மறக்கவில்லை என்கிறார்.

வேங்கிக்காலில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் அண்ணாமலை தெரியும். 2,668 அடி. சிறுவயதில் கார்த்திகை தீபத்தன்று அதன் உச்சிவரை ஏறியவர்கள்தாம் இந்த நால்வரும். அப்படியிருக்க, வாசலில் இருக்கிற மலையை விட்டுவிட்டு ஏன் பர்வதமலை?

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகருக்கு மேலே மண் சரிந்தது. பாறையும் சேறுமாக இறங்கி ஒரு வீட்டை மூடியது. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த மகாதீபத்துக்குப் பக்தர்களை மலைமேல் விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கிறவர்களும் பணியில் இருந்தவர்களும் மட்டும் ஏறினார்கள். அந்த முடிவு சரியானதே. ஈரம் ஊறிய சரிவில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் கண்ணெதிரே பார்த்துவிட்டது. ஆக, சொந்த மலை இப்போது இவர்களுக்குச் சுற்றி வருவதற்கு மட்டும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வாரம் இரண்டு முறை, பை மாட்டிக்கொண்டு நடந்துதான் பயிற்சி எடுத்தார்கள். முதல் வாரம் வெறும் பை. கடைசி வாரம் ஐந்து கிலோ.

கிரிவலத்தில் ரமணாசிரமத்தைத் தாண்டும்போதெல்லாம் ஆசிரியர் ஒன்றைச் சொல்வார். 1896இல் பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், 1950இல் மறையும்வரை ஊரை விட்டு எங்கும் போகவில்லை. விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் மலைமேலேயே பல வருஷம் இருந்தவர், 1922இல் அடிவாரத்துக்கு இறங்கினார். முதுமையில் மூட்டுவாதம் அவர் முழங்காலைப் பிடித்தது. ஊன்றுகோல் வைத்துக்கொண்டார்; அன்பர்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். அந்தக் கோலோடு எடுத்த படங்கள் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கின்றன. கோல் பிடிக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரர், அந்தப் படத்தைப் பார்த்த பிறகே மூங்கில் கம்பு ஒன்றைச் சீவி எடுத்து வந்தார்.

கலசபாக்கத்தைத் தாண்டித் தென்மகாதேவமங்கலம் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பர்வதமலை 4,560 அடி என்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் உயரம் மட்டுமா தெரிகிறது! நிமிர்ந்து செங்குத்தாய் நிற்கும் பாறை முடி, அதன் உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை கோயில். கடலாடி பக்கமிருந்தும் ஒரு வழி உண்டு. இவர்கள் நாற்பது வருஷத்துக்கு முன் போன வழியிலேயே போனார்கள்.

இந்த மலைக்குப் பழைய பேர் நவிரமலை. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் பாடுகிற மலை இதுதான் என்பது இந்த வட்டாரத்து ஆய்வாளர்கள் கூற்று. செங்கத்து மன்னன் நன்னனைப் பார்த்துப் பரிசில் வாங்கிவந்த கூத்தன் ஒருவன், எதிரே வருகிற இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பெருங்கௌசிகனார் பாடிய அந்தப் பாட்டு 583 அடி. அதை மன்னன் புகழாகப் படிப்பவர்கள் உண்டு. ஆசிரியருக்கு அது மலைவழிக் கையேடு. மேடும் பள்ளமுமான வழியில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நடங்கள் என்கிறது. பாம்பு கிடக்கும் குழிகளைப் பார்த்து விலகுங்கள், தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட வீசும் கவண்கல்லுக்கு மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள், பாசி பிடித்து வழுக்கும் பாறையில் கொடியைப் பிடித்து இறங்குங்கள், பொழுது சாய்ந்தால் குகையில் தங்குங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. போகிற கூட்டத்தில் பெண்கள் உண்டு, குழந்தைகள் உண்டு, கனமான இசைக்கருவிகளைச் சுமப்பவர்கள் உண்டு. ஆகவே அந்த வழிகாட்டி இளவட்டத்தை மனத்தில் வைத்துப் பேசவில்லை. கூட்டத்தில் யாரால் வேகமாக நடக்க முடியாதோ அவர்களை வைத்துப் பேசுகிறான். இதை அடிவாரத்துப் பச்சையம்மன் கோயில் வாசலில் நின்று ஆசிரியர் விளக்கியபோது சர்வேயர் கேட்டார்: "அப்போ நாமளும் விடிஞ்சப்புறம் ஏறுறதுதான் முறைன்றே."

முறையும் அதுதான், மருத்துவர் சொன்னதும் அதுதான். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு நால்வரும் இசிஜி எடுத்து, சர்க்கரை பார்த்து, மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இதைத் தேவையில்லாத பயம் என்று நினைப்பவர்கள் வெள்ளியங்கிரியை நினைத்துப் பார்க்க வேண்டும். கோவை மாவட்டத்து அந்த ஏழு மலைப் பாதையில் ஆண்டுதோறும் நெஞ்சுவலி வந்து இறக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதய நோயுள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தது இன்னொரு பாடம். மலையில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் மலை இல்லை. தயாராகாமல் போவதும் நேரம் தவறிப் போவதும் உதவி எட்டாத இடத்தில் மாட்டிக்கொள்வதும்தான்.

ஏற்றம் நன்றாகவே தொடங்கியது. முதலில் படிகள். லைன்மேன் முன்னால் போனார். முப்பத்தைந்து வருஷம் மின்கம்பம் ஏறியவருக்குப் படி ஒரு பொருட்டா? அவருக்குப் பின்னால் சர்வேயர், ஆசிரியர். கடைசியில் மளிகைக் கடைக்காரர். அரை மணி நேரத்தில் முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவே இரண்டு வளைவு தூரம் விழுந்தது. மேலே ஒருவர் உட்கார்ந்து காத்திருப்பார். கீழே ஒருவர் மூச்சிரைக்க வந்து சேருவார். சேர்ந்த உடனே காத்திருந்தவர் எழுந்துவிடுவார். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காத கணக்கு அது. மூன்றாவது முறை இப்படி நடந்ததும் ஆசிரியர் வரிசையை மாற்றினார். கடைக்காரர் முன்னால், லைன்மேன் கடைசியில். அப்புறம் ஒருவரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

வயதாவது உடம்பில் என்ன செய்கிறது என்பதற்குக் கணக்குகள் உண்டு. உடம்பு எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. நடைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் குறைவது மெதுவாக. இதயத் துடிப்பின் உச்சத்துக்குத் தோராயக் கணக்கு 220இலிருந்து வயதைக் கழிப்பது. 1985இல் இவர்களுக்கு நிமிஷத்துக்கு 198 வரை துடித்திருக்கும். இப்போது 158 அல்லது 159. ஆனால் இந்தக் கணக்கு எதுவும் வீட்டில் தெரிவதில்லை. அங்கே வயது வேறு விதமாக வருகிறது. நின்றபடி பேன்ட் மாட்டும்போது கை தானாகச் சுவரைத் தேடுகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் ஒரு கை ஊன்ற வேண்டியிருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல நேர்கிறது. ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பதைப் பற்றி பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையானவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. நிற்க முடியாதவர்கள் அடுத்த பத்தாண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து சர்வேயர் தினமும் காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறார்.

தாகமும் வயதோடு மங்குகிறது. உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்; ஆனால் தொண்டை கேட்காது. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. லைன்மேன் போனில் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும்படி வைத்திருந்தார். மணி அடித்தால் நால்வரும் நின்று, வேண்டும் வேண்டாம் பார்க்காமல், நாலு மடக்குக் குடிக்க வேண்டும். வழியில் எலுமிச்சைச் சாறு விற்ற அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மருந்து மாதிரி குடிக்கிறீங்களே" என்றார். "ஆமாம்மா, மருந்துதான்" என்றார் கடைக்காரர்.

படிகள் முடிந்து கல்லும் வேருமான பாதை. அதற்கு மேல் பாறை. அங்கே கடப்பாரைகளைப் பாறையில் அறைந்து படியாக்கியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி. தண்டவாளத் துண்டுகள் பதித்த படிகளும் உண்டு. எந்தக் காலத்தில் எவர் எவர் சுமந்து வந்தார்களோ, அந்த இரும்பு ஒவ்வொன்றும் ஒரு மனிதத் தோளில் ஏறிவந்தது. சர்வேயர் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்பது வருஷத்துக்கு முன் இதே சங்கிலியில் தொங்கி, கீழே நின்றவர்களைப் பார்த்துக் கத்தியவர் அவர்.

உச்சிக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. 1985இல் இரண்டரை. கோயிலில் பக்தர்களே தங்கள் கையால் சுவாமிக்கு அபிஷேகம் செய்யலாம். கொண்டுபோன தண்ணீரில் ஒரு பங்கை அதற்கு வைத்திருந்தார்கள். வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தபோது, ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர் நீலமாகக் கிடந்தது. தெற்கே, மங்கலாக, அண்ணாமலை. வேங்கிக்கால் அதன் காலடியில் எங்கோ. புளிசோறு பிரித்தபோது குரங்குகள் நெருங்கின. லைன்மேன் கம்போடு காவல் நின்று, மற்ற மூவரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டார்.

அங்கே பேசியது குறைவு. வகுப்பில் உடனிருந்தவர்களில் இறந்துபோனவர்கள் பேரை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எண்ணிக்கை ஆறில் நின்றது. 1985இல் வருவதாக இருந்து, காய்ச்சலால் நின்றுபோன ஐந்தாமவரும் அதில் ஒருவர்.

பன்னிரண்டரைக்கு இறக்கம். பயணத்தின் கடினமான பகுதி அங்கேதான் ஆரம்பித்தது.

மலையேற்றம் என்ற சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. பாதி நேரம் இறக்கம் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. ஏறும்போது நெஞ்சு சொல்லும்: நில், மூச்சு வாங்கு. நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது நெஞ்சு சும்மா இருக்கும். முழங்கால் மட்டும் மௌனமாகத் தேயும். பெர்லினில் செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவி பொருத்தி அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழுவது உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல். படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. எண்பது கிலோ கடைக்காரரின் முழங்கால் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய 280 கிலோவைத் தாங்குகிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டியிருப்பதால் அது எளிதில் கிழிபடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வலி உச்சத்துக்குப் போகும். இரண்டு கைக்கோல் ஊன்றிச் சரிவிறங்கினால் முழங்காலில் விழும் பாரம் 25 சதவீதம் வரை குறைகிறது என்று ஆஸ்திரியாவில் அளந்திருக்கிறார்கள். ரமணர் படத்தைப் பார்த்துச் சீவிய மூங்கில் கம்பு அன்று தன் வேலையைச் செய்தது. வழியில் இன்னொரு கம்பும் கிடைத்தது.

ஆசிரியர் இப்போது பையிலிருந்து இரண்டாவது கண்ணாடியை எடுத்தார். அவர் தினம் போடுவது இரட்டைப் பார்வைக் கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிக்க. படி இறங்கக் குனிந்தால் கண் கீழ்பாதி வழியாகப் பார்க்கும்; அடுத்த படி கலங்கித் தெரியும். முதியவர்கள் மாடிப்படியில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டாவது கண்ணாடி முழுக்கத் தூரப் பார்வைக்கு மட்டும். பள்ளி மாடியில் இரண்டு முறை இடறி விழப்போன பிறகு கண் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொண்டது. சஷ்டியப்தபூர்த்தி முடிந்த எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஆனால் கண்ணாடிக் கடையில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

கடப்பாரைப் படியில் லைன்மேன் முதலில் இறங்கி, கீழே நின்று, ஒவ்வொருவர் பாதத்தையும் கையால் பிடித்து வைத்தார். "வலது காலை இன்னும் ஒரு சாண் கீழே விடு மச்சான். இருக்குது. நான் பிடிச்சிருக்கேன். விடு." கடைக்காரர் முகத்தைப் பாறையில் பதித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், அந்தக் குரலை மட்டும் கேட்டு இறங்கினார். நாற்பது வருஷப் பழக்கம் இல்லாத ஆளிடம் ஒருவர் தன் பாதத்தை அப்படி ஒப்படைக்க முடியுமா என்பது சந்தேகம்.

ஜப்பானின் யூய்ச்சிரோ மியுரா 2013 மே 23ஆம் தேதி, எண்பது வயதில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். உலகமே எழுதியது. இறக்கத்தில் அவர் ஓய்ந்துபோனார், 6,500 மீட்டர் உயரத்து இரண்டாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டர்தான் அவரைக் கொண்டுவந்தது என்பதை எழுதியவர்கள் குறைவு. அதனால் அவர் சாதனை குறைந்துவிடாது. முதுமை இறக்கத்தில்தான் கணக்குக் கேட்கும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், 2022இல் தம் அறுபத்தேழாம் வயதில் ஐம்பது கடந்த பெண்கள் குழு ஒன்றைத் திரட்டி, அருணாசலப் பிரதேசத்திலிருந்து கார்கில் வரை இமயத்தின் குறுக்காக மாதக்கணக்கில் நடத்திச் சென்றார். அது ஒரு சிகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் பயணம் இல்லை. கணவாய் கணவாயாக ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி வருகிற நடை. இந்த நால்வருக்குப் பிடித்தது அந்தக் கதைதான்.

அடிவாரம் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை. இறங்க ஐந்து மணி நேரம். ஏறியதைவிட அரை மணி கூடுதல். பச்சையம்மன் கோயில் அருகே குழாயடியில் கால் கழுவி உட்கார்ந்தார்கள். கடைக்காரர் முழங்கால் உறையைக் கழற்றி, தைலம் தடவிக்கொண்டே, "மாசியில ஜவ்வாது மலை போலாமா? ஜமுனாமரத்தூர் பக்கம். ரெண்டு நாள்" என்றார். சர்வேயர் அதற்குள் பாதை வரைய ஆரம்பித்துவிட்டார்.

அறுபதைத் தாண்டிப் பர்வதமலை போக நினைக்கிறவர்களுக்கு: ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் பை சுமந்து நடந்து பழகுங்கள். பௌர்ணமிக் கூட்டத்தை விட்டு, வாரநாள் ஒன்றில், விடிந்த பிறகு ஏறுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் இரண்டு கம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரத்துக்குக் கூடுதலாக ஒதுக்கி, நண்பகலுக்குள் உச்சியை விட்டுக் கிளம்புங்கள். கூட வரக்கூடிய பழைய சிநேகிதர் ஒருவர் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுப் பேசிவிடுங்கள். பங்குனி பிறந்தால் அந்தப் பாறையில் வெயில் தாங்காது.